தப்புத் தாளம் போடுது சார், என் இதயம்!

காதலில் விழுந்தவனுக்குத்தான் நெஞ்சு படபடக்கும் என்று சினிமாக்காரர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம்பாதீர்கள். எனக்குக் கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டில், காலை ஒன்பது பத்துக்கு, கையில் டிபன் பாக்ஸோடு படபடத்தது. எதிரே தேவதை யாரும் இல்லை. டிக்கெட் பரிசோதகர்தான் நின்றார். அவருக்கு மீசை வேறு.

2023 நவம்பர். மழை விட்ட மறுநாள். எனக்கு அப்போது வயசு 42. எடை 93 கிலோ. (உயரத்தைச் சொல்லமாட்டேன். சொன்னால் 93-ன் மகிமை உங்களுக்குப் புரிந்துவிடும்.) ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, படியேறி... அன்றைக்குப் பாதிப் படியில் நின்றுவிட்டேன். கோணிப்பைக்குள் கோழியைப் போட்டு வாயைக் கட்டினால் எப்படி அடித்துக்கொள்ளும்? அப்படி ஓர் அடி, நெஞ்சுக்குள்! வலி கிடையாது. வியர்வை, லேசான கிறுகிறுப்பு, "போச்சுடா, அவ்வளவுதான்" என்ற நினைப்பு. மாசக் கடைசி வேறு. டெலிவரி சலானெல்லாம் மேஜை மேல் அப்படியே கிடக்கிறதே என்றும் ஒரு நினைப்பு. குமாஸ்தா புத்தி எங்கே போகும்?

பத்து நிமிஷத்தில், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டது.

ஆபீஸ் பக்கத்தில் ஒரு கிளினிக். டாக்டர் முழுசாகக் கேட்டார். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" "பூரி." "எத்தனை?" சொன்னேன். அவர் முகத்தில் ஒரு ஞானம் பிறந்தது. "கேஸ் டிரபுள்!" என்றார். ஈசிஜி எடுத்தார். நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கக் கையெழுத்து மாதிரி அவ்வளவு அழகாக வந்தது. ஜெலுசில் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த வியாதியின் குணமே அதுதான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும்போது மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார் இல்லையா? அதே ரகம். ஈசிஜி மெஷினுக்கு முன்னால் பரம சாது. வெளியே வந்ததும் விசில் அடிக்கும்.

அடுத்த மூன்று மாசத்தில் ஆறு தடவை வந்தது. ஒரு தடவை 24 மணி நேரம் நெஞ்சில் ஒயர் ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டி கட்டி அனுப்பினார்கள். ஹோல்ட்டர் என்று பெயர். அன்றைக்குப் பார்த்து இதயம் பள்ளிக்கூடத்து மாணவன் போல நடந்துகொண்டது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "டென்ஷனைக் குறைங்க" என்றார், டென்ஷனாக.

கடைசியில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. பக்கத்து சீட் பொடியன்!

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமான பையன். சம்பளத்தில் பாதியைக் கொட்டி ஒரு வாட்ச் வாங்கியிருந்தான். நேரம் தவிர மற்ற எல்லாம் காட்டும். 2024 பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம், நான் வெளிறிப்போய் நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, "சார், கையைக் கொடுங்க" என்று தன் வாட்ச்சை எனக்குக் கட்டினான். "அந்தத் திருகு மேல விரலை வைங்க. முப்பது செகண்ட் ஆடாதீங்க." திரையில் ஒரு கோடு ஓடியது. நடுவில் கொஞ்சம் நெருக்கம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நெருக்கம்... எங்கள் தெரு டெய்லர் அளவு சட்டை மாதிரி, எதுவும் எதோடும் பொருந்தவில்லை. கீழே ஆங்கிலத்தில் ஒரு பெரிய பெயர்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

பையன் அதை பிடிஎஃப் ஆக்கி என் போனுக்கு அனுப்பினான். "வாட்ச் சொன்னா போதாது சார். ஆஸ்பத்திரி போங்க. இப்பவே, நிக்கிறதுக்கு முன்னாடி போங்க!" ஆட்டோவில் அவனே கூட வந்தான். இந்தத் தடவை ஆஸ்பத்திரி மெஷின் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது.

வாழ்க அந்தப் பொடியன். அவன் லீவ் கேட்டால் இப்போதெல்லாம் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

* * *

இதய டாக்டர்களில் இரண்டு ஜாதி உண்டாம். ஒன்று, குழாய் ரிப்பேர்க்காரர்கள். அடைப்பு எடுப்பார்கள், ஸ்டென்ட் வைப்பார்கள். இன்னொன்று, கரண்ட் ரிப்பேர்க்காரர்கள். எனக்கு வாய்த்தவர் இரண்டாம் வகை. என்னைவிட வயசு குறைந்த டாக்டரம்மா. பேப்பரில் ஒரு இதயத்தை வரைந்தார். (அது மாம்பழம் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.)

"வலது பக்கம் மேலறையில ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கு. அதுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் கரண்ட் அனுப்பறது. ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை. உங்களுக்கு என்ன ஆகுதுன்னா, அந்த ஸ்டேஷனை மதிக்காம, மேலறை முழுக்கக் கண்டபடி கரண்ட் சுத்துது. நிமிஷத்துக்கு 350-லேர்ந்து 600 வரை போகும். அப்ப மேலறை சுருங்கி விரியறதில்லை. சும்மா நடுங்குது."

"அறுநூறா? அப்போ நான் எப்படி உயிரோட இருக்கேன்?"

"நடுவுல ஒரு கேட் கீப்பர் இருக்கார். எல்லாத்தையும் கீழே விடமாட்டார். ஆனா அவர் விடறதும் ஒரு கணக்கில்லாம விடறார். அதுதான் உங்களுக்குக் கோழி."

மேளக்கச்சேரி ஞாபகம் வந்தது. தவில்காரர் வேகமாக வாசித்தால்கூடப் பரவாயில்லை, கணக்கு இருக்கும். இங்கே தாளம் போடுகிறவரே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். ஆளாளுக்குத் தட்டுகிறார்கள்.

உடனே மாத்திரை எழுதிக் கொடுப்பார் என்று பார்த்தால், கேள்விகள் ஆரம்பித்தன. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் இதே தப்புத் தாளம் வருமாம். 1991 மே மாசம் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) கேம்ப் டேவிட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது இதே மாதிரி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, தோண்டிப் பார்த்ததில் தைராய்டு என்று தெரிந்தது. எனக்குத் தைராய்டு ஒழுங்கு. ஜனாதிபதி வியாதி நமக்கு எங்கே கிடைக்கும்!

அடுத்து எக்கோ. சின்ன வயசில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு இந்த வியாதி வருவது நம் ஊரில் சகஜம். அவர்களுக்கு வைத்தியமே வேறு வழி. எனக்கு வால்வு நன்றாக இருந்தது. ரத்த அழுத்தம்தான் 150-க்கு 96. எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியாது, பார்த்தால்தானே!

கடைசிக் கேள்வியை டாக்டரம்மா என்னிடம் கேட்கவில்லை. என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் குறட்டை விடுவாரா?"

பதினாலு வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள் என் மனைவி. அதற்கப்புறம் அவள் பேசியது ஏழு நிமிஷம். எதிர்வீட்டுக்காரர் எழுதிய கடிதம், தூங்கும் பஸ்ஸில் என்னை எழுப்பிவிட்டது, எல்லாம் வந்தது. "நடுவுல மூச்சே நின்னுடும் டாக்டர். நான் எழுந்து உட்கார்ந்து, வருதான்னு பார்த்துட்டு இருப்பேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், எடையும், ரத்த அழுத்தமும், குடியும் சேர்ந்துதான் மேலறையை இழுத்து, வீங்க வைத்து, இந்தக் கரண்ட் கோளாறுக்கு மண்ணைத் தயார் செய்கின்றன என்றார். குறட்டையை ஜோக் என்று நினைத்திருந்தேன். அது எச்சரிக்கை மணியாம். கணீரென்றுதான் அடித்திருக்கிறது, பாவம்.

* * *

இப்போது கொஞ்சம் சிரிக்காமல் ஒரு விஷயம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "உள்ளே கோழி அடிச்சுக்கற மாதிரி இருக்கும்மா" என்றதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா இதைத்தானேடா சொல்வார்..."

கோழி என் கற்பனை என்று நினைத்திருந்தேன். இல்லை. அது அப்பாவுடையது. அப்பா திண்டிவனத்தில் தையற்கடை வைத்திருந்தார். மெஷின் மிதித்துக்கொண்டே இருப்பவர் திடீரென்று காலை எடுத்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். "என்னப்பா?" என்றால், "ஒண்ணுமில்லடா, கோழி" என்பார். பெருங்காயம் போட்டு மோர் குடிப்பார். 2009-ல் ஒருநாள் காலையில், துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்திரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார். கை வரவில்லை. பக்கவாதம். வலது கை, பேச்சு இரண்டும் போயிற்று. மூன்று வருஷம் அப்படியே இருந்து, 2012-ல் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அந்தக் கையை இடது கையால் தூக்கித் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், அடுத்தவன் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்பாவுக்கும் இதேதானா?"

"ஈசிஜி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுகூட எடுத்ததில்லை."

"அப்ப நான் சொல்ல முடியாது சார். இருந்திருக்கலாம்" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாத டாக்டர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். மேலறை நடுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் ஓடாமல் மூலையில் தேங்கும். இடது மேலறையில் சின்னப் பை மாதிரி ஒரு மூலை உண்டு. அங்கே கட்டி தட்டும். கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு. படபடப்பு ஆளைப் பயமுறுத்துகிறதே தவிர, படுக்க வைப்பது இந்தக் கட்டிதான்.

அதற்காக எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை கிடையாது. மார்க் போடுகிறார்கள். இதயம் பலவீனமா, ஒரு மார்க். ரத்த அழுத்தம், ஒன்று. சர்க்கரை, ஒன்று. ரத்தக்குழாய் அடைப்பு, ஒன்று. வயசு 65 ஆனால் ஒன்று, 75 ஆனால் இரண்டு. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. ஸ்கூலில் மார்க் வாங்காத குறை தீர எனக்கு இதிலும் ஒன்றுதான் வந்தது, ரத்த அழுத்தத்துக்கு. ஆண்களில் சைபர் என்றால் மாத்திரை வேண்டாம். இரண்டோ அதற்கு மேலோ என்றால் கட்டாயம். ஒன்று என்றால்? டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவேண்டும். பரீட்சையில் பார்டரில் நிற்பவன் கதை!

"எங்கப்பாவுக்கு வந்ததுக்கு எத்தனை மார்க்?" என்றேன்.

"அதுக்கு மார்க் இல்லை சார்" என்றார். அப்புறம் மெதுவாக, "ஆனா நீங்க அதை மறந்துட்டு முடிவெடுக்கணும்னு நான் சொல்லமாட்டேன்."

அபிக்ஸபான் ஆரம்பித்தோம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முன்பெல்லாம் வார்ஃபரின் மட்டும்தான். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனுஷனுக்கு அனுமதி கிடைத்து, 1955-ல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுக்கப்பட்ட மருந்து. இன்றைக்கும் வால்வு சுருங்கியவர்களுக்கும் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் அதுதான். ஆனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கீரையில் கணக்கு என்று ஏகப்பட்ட கெடுபிடி. புது மாத்திரைகளில் அந்தத் தொல்லை இல்லை. முருங்கைக்கீரை தப்பித்தது. ஷேவிங்கில் வெட்டிக்கொண்டால் மட்டும் ரத்தம் கொஞ்சம் தாமதமாக நிற்கும். தாடி வளர்த்துவிட்டேன். காதல் தோல்வி என்று ஆபீஸில் வதந்தி.

* * *

சங்கதி தெரிந்ததும் வைத்தியர்கள் கிளம்பினார்கள். மாமனார், "மருதம்பட்டைக் கஷாயம் குடிங்க மாப்பிள்ளை, இதயத்துக்கு இரும்புக் கவசம்" என்று ஒரு மூட்டையே அனுப்பினார். கேஷியர், "ஆபரேஷன்னு யார் சொன்னாலும் ஓடிடுங்க" என்றார். ஒரு நண்பர் பூண்டை மென்று தின்னச் சொன்னார். தின்றேன். படபடப்பு நிற்கவில்லை, ரயிலில் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. இன்னொருவர், "ரெண்டு பெக் போட்டா ரத்தம் லூஸாகும்" என்றார். அவர் பேச்சை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். பண்டிகை நாளில் நன்றாகக் குடித்துவிட்டு இந்தப் படபடப்போடு வந்து சேருகிறவர்களைப் பார்த்து, 1978-லேயே அமெரிக்க டாக்டர்கள் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குடியை நிறுத்தியவர்களுக்குத் திரும்ப வருவது குறைகிறது என்று 2020-ல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தே சொல்லிவிட்டார்கள்.

கஷாயம், லேகியம் எதுவானாலும் தன்னிடம் சொல்லாமல் சாப்பிடக்கூடாது என்றார் டாக்டரம்மா. ரத்த மாத்திரையோடு எது எப்படிச் சண்டை போடும் என்று தெரியாதாம். மாமனார் மூட்டை பரணில் இருக்கிறது. அவர் வரும்போது மட்டும் கீழே இறங்கும்.

2024 மார்ச் முதல் வைத்தியம். இதயத்தை நிதானப்படுத்த மெட்டோப்ரோலால், தாளத்தைப் பிடித்து வைக்க ஃப்ளெகைனைடு. இரண்டாவது, இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்பதால் டிரெட்மில் எல்லாம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். படபடப்பு குறைந்தது. நானும் குறைந்தேன். மாடிப்படி ஏறினால் சர்க்கார் ஃபைல் மாதிரி ஊர்ந்தேன். சாயந்திரம் ஏழு மணிக்கே கொட்டாவி. இன்னும் சில விஷயங்களிலும் ஒரு மந்தம்... கல்யாணமானவர்கள் புரிந்துகொள்வீர்கள். வெட்கத்தை விட்டு டாக்டரிடம் சொன்னேன். அளவைக் குறைத்தார். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிற புண்ணியவான்கள் நிறைய பேராம். நிறுத்தாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

தூக்கப் பரிசோதனையில் மூச்சு நிற்பது நிஜம் என்று தெரிந்தது. ராத்திரி மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின். முதல் நாள் மாட்டிக்கொண்டு படுத்ததும், "அப்பா, நீ பைலட் மாதிரி இருக்கே!" என்றாள் என் பெண். என் மனைவி பதினாலு வருஷத்துக்கு அப்புறம் முழுசாகத் தூங்கினாள்.

எடைக்கும் வந்தேன். உடம்பு எடையில் பத்து சதவீதம் குறைத்து, அதைக் கட்டிக் காப்பாற்றியவர்களுக்குத் தப்புத் தாளம் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று 2015-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிண்டி வரை போகாமல் பரங்கிமலையில் இறங்கி நடந்தேன். பூரி விவாகரத்து. பத்து மாசத்தில் 93 போய் 83. பெல்ட்டில் புதுசாக மூன்று ஓட்டை. மாசம் இரண்டு தடவை வந்த கோழி, இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை என்று இறங்கியது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். 2025 காணும் பொங்கலன்று ராத்திரி, மாமனார் வீட்டில் வந்தது. போகவே இல்லை. பதினாலு மணி நேரம்! ஆஸ்பத்திரியில் தூங்க வைத்து, நெஞ்சில் கரண்ட் கொடுத்தார்கள். ஒரே அடி. கண் விழித்தபோது டொக்... டொக்... டொக். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. "ஃப்யூஸ் போட்டாச்சு சார்" என்றார் டெக்னீஷியன்.

* * *

டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். இப்படியே மாத்திரையோடு ஓட்டலாம். அமியோடரோன் என்ற பலமான மாத்திரைக்கு மாறலாம். அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் தைராய்டு, நுரையீரல், ஈரலையெல்லாம் பதம் பார்க்கும். உங்கள் வயசுக்கு நானே விரும்பமாட்டேன் என்றார். மூன்றாவது, அப்லேஷன்.

அது இப்படி. 1998-ல் பிரான்சின் போர்தோ நகரத்து டாக்டர் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் ஒன்று கண்டுபிடித்தார்கள். இந்தக் கலாட்டாவைக் கிளப்பும் கள்ளப் பொறிகள் பெரும்பாலும், நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் ரத்தக்குழாய்கள் இடது மேலறையில் சேரும் இடத்திலிருந்துதான் வருகின்றன. சாதாரணமாக நாலு குழாய். தொடை வழியாக ஒயர் விட்டு, அந்த நாலு வாசலையும் சுற்றிச் சூடு வைத்தோ உறைய வைத்தோ வேலி போட்டுவிட்டால், பொறி உள்ளேயே கிடந்து சாகவேண்டியதுதான். இப்போது மின்துடிப்பால் வேலி போடும் புது முறையும் வந்திருக்கிறது.

அக்கவுண்ட்ஸ்காரன் என்ன செய்வான்? நோட்டை எடுத்துப் பற்று, வரவு எழுதினேன். டாக்டரம்மாவைக் கேட்டுக் கேட்டு.

"குணமாகிடுமா?"

"என் வாயால அந்த வார்த்தை வராது. விட்டு விட்டு வர்ற கேஸ்ல, ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா நூத்துல சுமார் எழுபது பேர் நல்லா இருக்காங்க. சிலருக்கு ரெண்டாம் தடவை பண்ணவேண்டி வரும்."

"ஆயுசு கூடுமா?"

"2019-ல ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. மாத்திரையைவிட இதுல உயிர் அதிகமாப் பொழைக்கறாங்கன்னு அதுல நிரூபணமாகலை. ஆனா படபடப்பு குறையுது, வாழ்க்கை நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது. அதுக்காகத்தான் பண்றது."

"ஆபத்து?"

"தொடையில ரத்தக் கட்டு வரலாம். இதயத்தைச் சுத்தி ரத்தம் கசியறது நூத்துல ஒருத்தருக்கு நடக்கும். அதுக்கு நாங்க தயாரா இருப்போம். பக்கவாதம் வரலாம், அதைவிடக் குறைவு. உணவுக்குழாய் பக்கத்துல சூடு பட்டு ஓட்டை விழறது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து."

"அப்புறம் மாத்திரையே வேண்டாமா?"

"ரத்த மாத்திரையை முதல் ரெண்டு மூணு மாசம் நிறுத்தவே கூடாது. அதுக்கப்புறமும் படபடப்பை வச்சு முடிவு பண்றதில்லை. மார்க்கை வச்சுத்தான்."

செலவு? எனக்குச் சொன்ன எஸ்டிமேட் நாலு லட்சத்துக்குப் பக்கம். ஆபீஸ் இன்ஷூரன்ஸ் போக மீதிக்குச் சொசைட்டி லோன்.

பற்றுப் பக்கம் நீளமாகவும் வரவுப் பக்கம் குட்டையாகவும் இருந்தது. ஒரு வாரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "இதுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க" என்றாள்.

"என்ன?"

"பகல்ல போன் அடிச்சா, உங்க நம்பரா, ஆபீஸ் நம்பரான்னு பார்த்துட்டுத்தான் எடுக்கறேன். ஆபீஸ் நம்பரா இருந்தா என் கை வரமாட்டேங்குது. இதை எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

கை வரமாட்டேங்குது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு ஓர் அர்த்தம் உண்டு. நோட்டை மூடினேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

* * *

2025 ஏப்ரல். மூன்று மணி நேரம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன், ஆகையால் வீரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விழித்ததும் காலை ஆறு மணி நேரம் அசைக்கக்கூடாது என்றார்கள். மூக்கு அரித்தது. வாழ்க்கையின் மிகக் கஷ்டமான சிகிச்சை அதுதான். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி, பத்து நாள் லீவ்.

ஐந்தாவது வாரத்தில் கோழி ஒருதரம் சிறகடித்தது. அலறிக்கொண்டு ஓடினேன். "முதல் மூணு மாசம் புண் ஆறும்போது இப்படி வரும், தோல்வின்னு கணக்கு வைக்கறதில்லை" என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம் இதை எழுதுகிற நாள் வரை, பத்து மாசமாக, இல்லை. நாளைக்கு வராது என்று நான் எழுதித் தரமாட்டேன். தப்புத் தாளத்தை அடக்கும் மாத்திரை நின்றுவிட்டது. பிபி மாத்திரை, மூக்கு மெஷின், பரங்கிமலை நடை எல்லாம் உண்டு. மூன்று மாசம் முடிந்ததும் ரத்த மாத்திரையைப் பற்றி மறுபடி பேசினோம். ஒரு மார்க்தான், நிறுத்தலாம், தொடரலாம். தொடர்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இரண்டு வருஷமாக என் வீட்டில் எனக்கு மட்டும் காபி கிடையாது. 'இதயக்காரனுக்குக் காபி விஷம்' என்பது கேஷியர் சட்டம். 2025 நவம்பரில் ஒரு ஆராய்ச்சி வந்தது. இந்தத் துடிப்புக் கோளாறு உள்ள 200 பேரில் பாதிப் பேரை தினம் ஒரு காபியாவது குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பேரைக் காபியே தொடாதே என்றிருக்கிறார்கள். குடித்தவர்களுக்குத்தான் தப்புத் தாளம் திரும்ப வந்தது குறைவு! காபி குடித்தால் படபடக்கிறது என்று உடம்பே சொல்கிறவர்கள் விட்டுவிடலாம், மற்றவர்கள் பயப்படவேண்டாம் என்றார் டாக்டரம்மா. செய்தியை பிரிண்ட் எடுத்து சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒரு டம்ளர் அனுமதியாயிற்று. டிகிரி காபி. டவராவில் ஆற்றும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முடிக்கும் முன் ஒரு வேலை தருகிறேன். அரை நிமிஷம்தான். இடது உள்ளங்கையைத் திருப்புங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், வலது கையின் மூன்று விரலை வையுங்கள். எத்தனை என்று எண்ணவேண்டாம், எப்படி என்று பாருங்கள். சுவர்க் கடிகாரம் மாதிரி சீராகப் போகிறதா? சந்தோஷம், வேலையைப் பாருங்கள். அவ்வப்போது ஒன்று தவறினால் பெரும்பாலும் பயமில்லை. கணக்கே இல்லாமல் தாறுமாறாக அடித்தால் அது பூரியும் இல்லை, காதலும் இல்லை. நிற்பதற்கு முன் ஓடிப்போய் ஒரு ஈசிஜி எடுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ கூட வந்தாலும், முகம் கோணினாலோ கை தொங்கினாலோ பேச்சு குழறினாலோ, ஒரு நிமிஷம்கூட யோசிக்கவேண்டாம். 108!

உங்களுக்குப் பார்த்தாகிவிட்டதா? அப்படியே ஊருக்குப் போகும்போது அப்பாவின் கையையும் பிடித்துப் பாருங்கள். "என்னடா திடீர்னு பாசம்?" என்பார். கோழி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.